தங்கை வீட்டுத் தீவில் ஒரு மாதம்

நானும் ஒரு தீவுக்காரிதான். ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களுக்கு அது சட்டென்று ஞாபகத்தில் வராது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. பாலத்தில் ஏறாமல் எங்கேயும் போக முடியாது. 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பழுது பார்ப்பதற்காக மூடினார்களே, அப்போதுதான் "அடேயப்பா, நாம் இருப்பது தீவு" என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் உறைத்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்கே ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் இன்னொரு கஷ்டமும் நடந்தது. என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, எழுந்து நடக்கிற அளவுக்கு வந்தும் வாசல் திண்ணையைத் தாண்டுவதில்லை. பஸ் படி ஏற முடியாது. ஆட்டோவில் குலுங்கினால் வலி. "எனக்கென்ன போக வேண்டியிருக்கு? போனதெல்லாம் போதும்" என்பார். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படியே போயிற்று. அது ஒரு குறை என்று வீட்டில் யாருக்கும் தோன்றவே இல்லை. எனக்கும்தான்.

இந்தச் சமயத்தில் சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம். அம்மா இல்லாத வீட்டில் அக்காதானே அம்மா? நாத்தனாரை அத்தையோடு இருக்கச் சொல்லிவிட்டு, 2025 பிப்ரவரியில் திருச்சியிலிருந்து விமானம் ஏறினேன். நாலு மணி நேரப் பிரயாணம்தான். கடிகாரத்தை மட்டும் இரண்டரை மணி முன்னால் தள்ளி வைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு 46 வயது. அதுவரை தனியாக எங்கேயும் போனது கிடையாது. கடைக்கானாலும் கல்யாணத்துக்கானாலும் இவர் ஸ்கூட்டரின் பின் ஸீட்தான் என் இடம். அப்படிப்பட்டவளிடம் தங்கை மறுநாள் காலையே ஒரு சின்ன அட்டையை நீட்டினாள். "அக்கா, குட்டியை பாலர் பள்ளியில் நீதான் கொண்டு விடணும். பஸ்ஸில் நாலு ஸ்டாப். பயப்படாதே, அவளுக்கு வழி தெரியும்!"

குட்டிக்கு நாலரை வயது.

நாலரை வயது வாத்தியார்

தங்கை வீடு இருப்பது தோ பாயோ என்ற இடத்தில். பெரிய சதுப்பு நிலம் என்று அந்தப் பெயருக்கு அர்த்தமாம். இப்போது சதுப்பும் இல்லை, சேறும் இல்லை. எங்கே பார்த்தாலும் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகள். வீட்டை விட்டு இறங்கியதும் கூரை போட்ட நடைபாதை. அதன் வழியாகவே நடந்தால் பஸ் ஸ்டாப், ரயில் நிலையம், மார்க்கெட், டாக்டர் எல்லாம் வந்துவிடுகின்றன. இப்படிக் கூரை போட்ட பாதை தீவு முழுவதும் 200 கிலோமீட்டருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். அங்கே மழை சொல்லிக்கொண்டு வராது. வந்தால் கொட்டித் தீர்த்துவிடும். ஆனால் இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக இருக்கிற தாய்க்குக் குடை பிடிக்க மூன்றாவது கை வேண்டியதில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. ஏறும்போது அட்டையை ஒரு கருவியில் காட்டினால் 'டிங்' என்று சத்தம் வரும். இறங்கும்போது மறுபடியும் காட்ட வேண்டும். போன தூரத்துக்குத் தகுந்த கட்டணத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். முதல் நாள் இறங்குகிற அவசரத்தில் நான் மறந்துவிட்டேன். "பெரியம்மா, தட்டலை! காசு நிறையப் போயிடும்!" என்று குட்டி கத்தினாள். அவள் சொன்னது சரிதான். இறங்கும்போது தட்டாவிட்டால் அந்த பஸ் போகிற கடைசி இடம் வரைக்குமான கட்டணத்தைப் பிடித்துவிடுவார்கள். 90 சென்டிமீட்டர் உயரம் வராத குழந்தைக்குப் பெரியவர்களோடு வந்தால் இலவசம்.

மூன்றாம் நாள் ஒரு கூத்து நடந்தது. குட்டியை அழைத்துக்கொண்டு திரும்பி வரும்போது, சரியான நம்பர் பஸ்ஸில்தான் ஏறினேன். ஆனால் சாலையின் தப்பான பக்கத்தில் நின்று ஏறிவிட்டேன். நாலு ஸ்டாப் ஆயிற்று, எட்டு ஆயிற்று, நம் வீட்டைக் காணோம். குட்டி என் மடியில் தூங்கிவிட்டாள். வாத்தியாரே தூங்கிவிட்டால் மாணவி என்ன செய்வாள்? கைபேசியில் சார்ஜும் இல்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். நான் மட்டும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விழித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டிரைவர் ஒரு மலாய்க்காரர், வயதானவர். என் அரைகுறை இங்கிலீஷில் "தோ பாயோ" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, எதிர்ப் பக்க வரிசையைக் காட்டி, அந்த பஸ் டிரைவரிடமும் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் தாமதமாக வீடு வந்து சேர்ந்தேன். தங்கை ரொம்பப் பயந்துபோயிருந்தாள். ஆனால் எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு தைரியம் பிறந்துவிட்டது. தொலைந்து போனாலும் வீடு வந்து சேரலாம் என்று தெரிந்துகொண்டேனே! மறுநாளிலிருந்து இரண்டு பக்கமும் பார்த்து, போர்டைப் படித்துவிட்டுத்தான் ஏறினேன்.

தரையடி ரயிலில் தமிழ்

இரண்டாவது வாரம் ரயில். அங்கே எம்.ஆர்.டி. என்பார்கள். 1987 நவம்பர் 7-ந் தேதி முதன்முதலில் ஓடிய பாதையே தோ பாயோவிலிருந்து இயோ சூ காங் வரைக்கும்தான். இப்போது ஆறு பெரிய பாதைகள் இருக்கின்றன. சில பாதைகளில் ரயிலுக்கு டிரைவரே கிடையாது. பிளாட்பாரத்தின் ஓரத்தில் கண்ணாடிச் சுவர். ரயில் வந்து நின்ற பிறகுதான் அந்தக் கதவும் திறக்கும். குழந்தை ஓடித் தண்டவாளத்தில் விழுந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குப் பெரிய ஆறுதல், நிலையங்களில் தமிழ் எழுத்து. அறிவிப்பும் தமிழில் வருகிறது. தமிழ் அந்த நாட்டின் நாலு ஆட்சிமொழிகளில் ஒன்று. தேக்கா மார்க்கெட்டுக்குப் போக வேண்டுமானால் இரண்டாவது நிலையம் நியூட்டனில் இறங்கிப் பாதை மாற வேண்டும். அடுத்ததே லிட்டில் இந்தியா. மேலே ஏறினால் மல்லிகைப்பூ வாசனையும் வீரமாகாளியம்மன் கோயில் மணியும்! பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் சுக்கும் வாங்கப் போய், முருங்கைக்கீரையும் வாங்கி வந்தேன். தனியாகத்தான்.

'டோபி காட்' என்று ஒரு நிலையம். பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. விசாரித்தால், அந்தக் காலத்தில் நம் நாட்டு சலவைத் தொழிலாளர்கள் ஓடையில் துணி துவைத்து உலர்த்திய இடமாம். இன்று அடியில் மூன்று ரயில் பாதைகள் ஓடுகின்றன. துவைத்தவர்களின் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

வராத புகை

ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் குட்டியோடு நின்றிருந்தேன். பஸ் வந்து நின்றது. என் கை வழக்கம்போல முந்தானையை மூக்குக்குக் கொண்டு போயிற்று. ஆனால் புகை வரவில்லை. 'டுர்ர்' என்ற சத்தமும் இல்லை. "இது கரண்ட் பஸ் பெரியம்மா" என்றாள் குட்டி. முந்தானையை மெதுவாகக் கீழே விட்டேன். எத்தனை வருஷப் பழக்கம் பாருங்கள்! மூக்கை மூடிக்கொள்வதைப் பஸ் ஏறுவதன் ஒரு பாகமாகவே நினைத்து வாழ்ந்திருக்கிறோம்.

தங்கை வீட்டுக்காரர் இந்த மாதிரி விஷயங்களில் ஆர்வம் உள்ளவர். ராத்திரி சாப்பாட்டின்போது விவரம் சொன்னார். அங்கே சுமார் 6,000 பொதுப் பஸ்கள் இருக்கின்றன. 2030-க்குள் அதில் பாதி மின்சாரப் பஸ்களாக வேண்டும் என்பது திட்டம். 2025 ஜனவரி முதல் புதிதாக டீஸல் கார், டீஸல் டாக்ஸி பதிவு செய்வதை நிறுத்திவிட்டார்கள். 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் சுத்தமான வகையாக இருக்க வேண்டும். 2040-ல் பெட்ரோல், டீஸலை மட்டும் நம்பி ஓடும் வண்டிகளே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று 2020-லேயே அறிவித்தார்களாம். வண்டிக்கு மின்சாரம் ஏற்ற 2030-க்குள் 60,000 இடங்கள். அதில் பெரும்பகுதி அடுக்குமாடிகளின் கீழேயே இருக்கும்.

இளம் தாய்மார்களுக்கு இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. டீஸல் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே சொல்லிவிட்டது. குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறவர்கள். தள்ளுவண்டியில் படுத்திருக்கும் குழந்தையின் மூக்கு, புகைக்குழாய் இருக்கிற உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் பிள்ளைக்குச் சின்ன வயதில் வீஸிங் வந்து எத்தனை ராத்திரி மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருக்கிறேன்! "பனி ஒத்துக்கலை, தயிர் ஒத்துக்கலை" என்று ஒவ்வொன்றாக நிறுத்தினோம். அவனை தினமும் காலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பள்ளியில் புகைக்கு நடுவில் விட்டு வந்ததை மட்டும் யோசிக்கவே இல்லை. அதுதான் காரணம் என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் யோசித்திருக்க வேண்டும்.

இறங்கி வந்த டிரைவர்

இனிமேல் சொல்லப் போவதுதான் என் மனசை அசைத்த விஷயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பஸ் ஸ்டாப்பில் சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி. நெற்றியில் விபூதி, கொண்டையில் கொஞ்சம் கனகாம்பரம், மடியில் அர்ச்சனைப் பை. வயது எண்பது இருக்கும். கூட ஒருவரும் இல்லை. பஸ் வந்ததும் டிரைவர் இறங்கி வந்து, வாசலில் மடித்து வைத்திருந்த பலகையை எடுத்து நடைபாதையில் சாய்த்தார். பாட்டியின் நாற்காலியை ஏற்றி, அதற்கென்று இருந்த இடத்தில் நிறுத்தினார். பிறகு பலகையை மடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். மொத்தம் இரண்டு நிமிஷம். பஸ்ஸில் இருந்த ஒருவர்கூட 'உச்' கொட்டவில்லை.

நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். "தனியாவா பாட்டி போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆமாம்மா, காளியம்மன் கோயிலுக்கு. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிட்டாங்க. அதுக்காக நான் வீட்டுலயே உக்காந்திருக்க முடியுமா?" என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "எனக்கென்ன போக வேண்டியிருக்கு" என்று அத்தை சொன்னாரே, அது ஆசை விட்டுப்போய்ச் சொன்னதா, படி ஏற முடியாததால் சொன்னதா? இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் கேட்கவில்லையே!

2020 டிசம்பரிலிருந்து அங்கே எல்லாப் பொதுப் பஸ்களிலும் சக்கர நாற்காலி ஏறலாம். 2017 ஏப்ரலிலிருந்து குழந்தையின் தள்ளுவண்டியையும் மடிக்காமல் ஏற்றலாம். சாலையைக் கடக்க நிற்கும் வயதானவர்கள் தங்கள் அட்டையை விளக்குக் கம்பத்தில் தட்டினால் பச்சை விளக்கு இன்னும் சில விநாடிகள் கூடுதலாக எரிகிறது. இதற்கெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. ஒரு பலகையும் சில விநாடியும் போதும்.

காரைவிடச் சீட்டு விலை அதிகம்

"நீங்கள் ஏன் கார் வாங்கவில்லை?" என்று தங்கை வீட்டுக்காரரிடம் கேட்டேன். நம் ஊரில் சம்பளம் உயர்ந்தால் முதல் கேள்வி அதுதானே!

அவர் சிரித்தார். அங்கே கார் வாங்க முதலில் உரிமைச் சீட்டு ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990-ல் வந்த ஏற்பாடு. பத்து வருஷத்துக்குத்தான் செல்லும். 2023-ல் சின்னக் காருக்கான சீட்டே ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் 60 லட்சத்துக்கு மேல்! காருக்கு விலை தனி. அதற்கும் முன்னால், 1975-லேயே, காலை நெரிசல் நேரத்தில் நகரத்தின் நடுவில் கார் கொண்டுபோக நாளைக்கு 3 டாலர் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். காரில் நாலு பேர் இருந்தால் இலவசம். இப்படி ஒரு கட்டணம் உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

கிழக்கிலிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டர், வடக்கிலிருந்து தெற்கே 27 கிலோமீட்டர். அதற்குள் 60 லட்சம் ஜனங்கள். ஆளுக்கொரு கார் என்றால் வீடு கட்ட இடம் ஏது? தீவுக்கு விளிம்பு கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் கணக்குப் பார்க்கிறார்கள். நம் ஊருக்கு விளிம்பு தெரிவதில்லை, அவ்வளவுதான்.

பாட்டி காலத்து மின்சார வண்டி

மின்சார வண்டி என்றால் ஏதோ இப்போது வந்தது என்று நினைத்திருந்தேன். சிங்கப்பூரில் முதலில் மாட்டு வண்டியில்தான் வீட்டுக்கு வீடு தண்ணீர் கொண்டுபோனார்களாம். சைனா டவுனுக்கு மலாயில் இருக்கும் 'கிரேத்தா ஆயர்' என்ற பெயருக்குத் தண்ணீர் வண்டி என்றுதான் அர்த்தம். 1880-ல் மனிதன் இழுக்கும் ரிக்ஷா வந்தது. 1947-ல்தான் அது ஒழிந்தது. நடுவில் 1905-லிருந்து 1927 வரை மின்சார டிராம் ஓடியிருக்கிறது. பிறகு தலைக்கு மேல் கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் டிராலி பஸ். 1962-ல் அதையும் எடுத்துவிட்டு, டீஸலுக்கே போய்விட்டார்கள்.

நம் சென்னையிலும் அதே கதைதான். 1895-ல் இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடியது சென்னையில். 1953-ல் நின்றுபோயிற்று. என் பாட்டி சின்ன வயதில் அதில் போன கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறார். பாட்டி புகையில்லாமல் போனார், பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன். இனி என் பேத்தியாவது பாட்டியைப் போலப் போகட்டும்.

தீவுக்குள் ஒரு குட்டித் தீவு

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அக்கா ஒரு மாசமா அடுப்படியிலேயே இருக்கா" என்று தங்கை வற்புறுத்தி, என்னையும் குட்டியையும் தன் வீட்டுக்காரரோடு அனுப்பினாள். சாங்கி என்ற இடத்திலிருந்து படகில் பத்துப் பதினைந்து நிமிஷம். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரிதான். டீஸல் படகு என்பதால் அங்கே மட்டும் முந்தானை மறுபடியும் மூக்குக்குப் போயிற்று. 2030-லிருந்து புதிதாகத் துறைமுகத்தில் ஓட வரும் படகுகளும் மின்சாரத்திலோ மற்ற சுத்தமான எரிபொருளிலோ ஓட வேண்டும் என்று விதி வரப்போகிறது.

இறங்கிய இடத்துக்கு 'புலாவ் உபின்' என்று பெயர். பழைய கருங்கல் குவாரித் தீவு. அடுக்குமாடி கிடையாது, ரயில் கிடையாது. தகரக் கூரை வீடு, பலாமரம், புதரில் காட்டுப்பன்றி! பெரிய தீவிலிருந்து மின்சாரக் கம்பி வராததால் ஜனங்கள் டீஸல் ஜெனரேட்டரை நம்பியிருந்தார்கள். 2013-ல் படகுத்துறைப் பக்கம் சூரிய சக்தியையும் சேர்த்து மின்சாரம் கொடுக்கும் சோதனை ஏற்பாட்டைத் தொடங்கினார்கள்.

அங்கே சுற்றுவதற்கு வாடகை சைக்கிள். நான் கடைசியாக சைக்கிள் ஓட்டியது பிளஸ் டூ படித்தபோது. கல்யாணத்துக்குப் பிறகு அதைத் தொட்டதே இல்லை. "பெரியம்மாவுக்குத் தெரியாதா?" என்று குட்டி கேட்டதும் ரோஷம் வந்துவிட்டது. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். முதல் பத்து அடி பாம்பு மாதிரி நெளிந்தது. பிறகு கால் தானாக ஞாபகப்படுத்திக்கொண்டது. தென்னை நிழலில், கடல் காற்றில், ஒருவரும் பின்னால் ஹாரன் அடிக்காமல் ஓட்டினேன். எரிபொருள் காலையில் சாப்பிட்ட மூன்று இட்லி! இதைவிடச் சுத்தமான வண்டி எது?

எல்லாம் சொர்க்கம் இல்லை

எல்லாம் அங்கே சரியாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அலுவலக நேரத்து ரயிலில் மூச்சு முட்டுகிறது. 2024 செப்டம்பரில் மேற்குப் பக்கத்து ரயில் பாதையில் பழுதாகி ஆறு நாள் ஜனங்கள் அவதிப்பட்டார்களாம். மின்சார ஸ்கூட்டர்கள் நடைபாதையில் ஆட்களை இடித்து, வீட்டில் சார்ஜ் போடும்போது தீப்பிடித்து, கடைசியில் 2019 நவம்பரில் அவற்றை நடைபாதையிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

இன்னொன்று: அந்த மின்சாரமே எங்கிருந்து வருகிறது? நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இறக்குமதி செய்த இயற்கை வாயுவை எரித்துத்தான். புகை பஸ்ஸில் இல்லாமல் மின் நிலையத்தில் இருக்கிறது. குழந்தையின் மூக்குக்குப் பக்கத்தில் இல்லை என்பது லாபம்தான், ஆனால் முழு லாபம் இல்லை. வெயிலுக்குப் பஞ்சமில்லை, நிலத்துக்குத்தான் பஞ்சம். அதனால் 2021-ல் ஓர் ஏரித் தண்ணீரின் மேல் 1,22,000 சூரியத் தகடுகளை மிதக்க விட்டிருக்கிறார்கள்! வெயிலிலும் இடத்திலும் நாம் எவ்வளவு பணக்காரர்கள் என்று அப்போதுதான் தோன்றியது.

போகிற சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தட்டுங்கள். பஸ் நம்பரோடு சாலையின் எந்தப் பக்கம் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அபராதம் 500 டாலர் வரை உண்டு. குழந்தைக்கு முன்பே ஊட்டிவிட்டுக் கிளம்புங்கள். டுரியான் பழம் வாங்கினால் வண்டியில் ஏற்ற மாட்டார்கள். நகரும் படியில் இடது பக்கம் நில்லுங்கள். வலது பக்கம் அவசரக்காரர்களுக்கு.

இங்கே மின்சார ஸ்கூட்டர் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று: கம்பெனி கொடுத்த சார்ஜரை மட்டுமே உபயோகியுங்கள். எல்லாரும் தூங்கும்போது, வாசலை அடைத்துக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே ஓட வழி வேண்டும் அல்லவா?

மூன்று படி

ஊர் திரும்பினேன். நம் ஊரில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் இலவசம். வந்த மறுநாளே ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தனியாகச் சத்திரம் வரை போய்வந்தேன். இவர் வாசலில் ஸ்கூட்டர் சாவியோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்! ஆனால் ஏறும்போது எண்ணினேன். மூன்று படி. டிக்கெட் இலவசமாகிவிட்டது, படி குறையவில்லை. இந்தப் படிக்கு முன்னால் எத்தனை அத்தைகள் "எனக்கென்ன போக வேண்டியிருக்கு" என்று சொல்லிக்கொண்டு திண்ணையோடு நின்றுவிட்டார்களோ!

அன்று மாலை அத்தையின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டேன். "அத்தை, நிஜமாகச் சொல்லுங்கள். எங்கேயாவது போகணும் போல இருக்கா?"

ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு, "தாயாரைப் பார்த்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றார். வீட்டிலிருந்து கோயில் கோபுரம் தெரிகிறது. அவ்வளவு பக்கம்தான்.

கூட்டமில்லாத ஒரு புதன்கிழமையாகப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் பாட்டரி ஆட்டோ ஓட்டுகிறார். தரை தாழ்வாக இருக்கும், குலுக்கல் குறைவு. ஒரு பலகை முக்காலியைப் படியாகப் போட்டு, தலையணை வைத்து அத்தையை உட்கார வைத்தேன். மெதுவாகப் போகச் சொன்னேன். கோயிலுக்குள் வயதானவர்களுக்காகப் பாட்டரி கார் ஓடுகிறது. இத்தனை வருஷம் அதைத் தினம் பார்த்தும், நம் வீட்டு மனுஷிக்கும் அது உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை. சன்னதிக்கு முன்னால் கொஞ்ச தூரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தாயாரைப் பார்த்ததும் அவர் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. கை கூப்பிச் சும்மா நின்றார். நான்தான் அழுதேன்.

நான் திரும்பி வந்த மூன்று மாதத்தில், 2025 ஜூன் 30-ந் தேதி, சென்னையில் தாழ்தளத்தோடு 120 மின்சாரப் பஸ்களை ஓட விட்டார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறுகிற வசதியும் இருக்கிறது. பேப்பரில் அந்தப் படத்தை அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"நம்ம ஊருக்கு எப்போ வருமாம்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதைக் கேட்டாரே, அதுவே எனக்குப் போதும். அதுவரைக்கும் புதன்கிழமை தோறும் பாட்டரி ஆட்டோ எங்கள் வாசலுக்கு வருகிறது. அது வருவதற்கு அரை மணி முன்பே அத்தை புடவை மாற்றிக்கொண்டு திண்ணையில் தயாராக இருக்கிறார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் "எனக்கென்ன போக வேண்டியிருக்கு" என்று சொல்லும் ஒரு பெரியவர் இருந்தால், இன்றைக்கே இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.